121 தோல்விக்குப் பிறகு பேச என்ன இருக்கிறது?

சிகாகோவில் பேஸ்பால் அணிகள் இரண்டு. வடக்கே கப்ஸ், தெற்கே ஒயிட் சாக்ஸ். நம்மூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் அநேகமாகக் கப்ஸ் பக்கம் போய்விடுவார்கள். ரிக்லி ஃபீல்டு நூறு வருஷம் தாண்டிய மைதானம். சுவரில் கொடி படர்ந்திருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போய்க் காட்ட நன்றாக இருக்கும். நான் சாக்ஸ் பக்கம் சேர்ந்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. டிக்கெட் மலிவு. ரெட் லைன் ரயிலில் 35-வது தெருவில் இறங்கினால் மைதானம் கண்ணெதிரே. அப்புறம், எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த ஆபீஸ் பெரியவர் தெற்குச் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் கப்ஸைப் பற்றி ஏதாவது கேட்டால் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் அவர், நான், கப்ஸ் ரசிகையான ஒரு அம்மணி, மதுரையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தம்பி. தம்பிக்கு சிஎஸ்கேதான் உயிர். பேஸ்பாலை வம்புக்காகப் பார்க்க ஆரம்பித்தவன், இப்போது எங்களைவிட அதிகமாகப் புள்ளிவிவரம் பேசுகிறான்.

2024-இல் சாக்ஸ் 162 ஆட்டங்களில் 41-ஐ ஜெயித்து 121-இல் தோற்றது. 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரு சீசனில் இத்தனை தோற்றதில்லை. அதற்கு முந்தைய சாதனை 1962-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட நியூயார்க் மெட்ஸின் 120. அவர்களாவது பிறந்த குழந்தை, சாக்ஸுக்கு அந்தச் சாக்கும் இல்லை. முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி. ஜூலையில் தொடங்கித் தொடர்ந்து 21 தோல்வி. ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில் ஒருவழியாக ஜெயித்தார்கள். ஒரு நாள் விட்டு மேனேஜர் (நம் கணக்கில் தலைமைப் பயிற்சியாளர்) பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செப்டம்பரில் 120-ஐத் தொட்டபிறகு சொந்த ஊரில் ஏஞ்சல்ஸுடன் மூன்று ஆட்டம். சாதனைத் தோல்வியைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் வாங்கிப் போனவர்கள் உண்டு. அணி என்ன செய்தது தெரியுமா? மூன்றையும் ஜெயித்தது. "தோற்கக்கூட ஒழுங்காத் தெரியலையே இவங்களுக்கு" என்றார் பெரியவர். கடைசியில் டெட்ராய்ட் போய்த்தான் 121-வது தோல்வி வந்தது. அதே ராத்திரி அந்த வெற்றியால் டெட்ராய்ட் பிளேஆஃபுக்குள் போனது. நம் அழுகை அவர்கள் கொண்டாட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட அணிக்கு ரசிகராக இருக்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று கப்ஸ் அம்மணி ஒருமுறை நிஜமாகவே கேட்டார். ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது, ஒன்பது இன்னிங்ஸில் அது ஐந்தாவதிலேயே முடிந்திருக்கும். மிச்சம் இருப்பது மூன்று விஷயம். யாரை விற்கலாம், எந்த விதியை மாற்றினால் விமோசனம், முதலாளியை என்ன செய்வது. ஜெயிக்கிற அணியின் ரசிகருக்கு இவை மூன்றும் அரைகுறையாகத்தான் தெரியும்.

முதலில் ட்ரேடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது. ஐபிஎல்லில் இப்போது இது நமக்கும் பழகிவிட்டது. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை சிஎஸ்கே வாங்கியபோது தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் வேண்டும். இங்கே அந்தக் கதையே கிடையாது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேஜர் லீகில் (இதுதான் முதல்தர லீக்) பத்து வருஷம் ஆடி அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் மாட்டேன் என்று சொல்லலாம். மற்றவர்கள் சொன்ன ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இதன் உச்சக்கட்ட வேடிக்கை டேனி ஜான்சன். 2024 ஜூனில் டொராண்டோவுக்காக பாஸ்டனில் அவர் பேட்டிங் செய்துகொண்டிருக்கும்போது மழை. ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஜூலையில் அவரை பாஸ்டனுக்கே ட்ரேடு செய்துவிட்டார்கள். ஆகஸ்டில் அதே ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது, அவர் பாதியில் விட்ட பேட்டிங்கை இன்னொருவர் வந்து ஆட, அவருக்குப் பின்னால் பாஸ்டனின் கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) உட்கார்ந்திருந்தது ஜான்சனே. ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடியவர் மேஜர் லீக் வரலாற்றில் அவர் ஒருவர்தான்.

சாக்ஸ் ரசிகரிடம் ட்ரேடு என்று சொன்னால் போதும், வயதைப் பொறுத்து வேறு வேறு பல் வலிக்கும். பெரியவருக்கு 1997. அந்த ஜூலை 31 அன்று சாக்ஸ் முதலிடத்திலிருந்து வெறும் மூன்றரை ஆட்டம்தான் பின்தங்கியிருந்தது. இரண்டு மாத ஆட்டம் பாக்கி. அன்றைக்கு முக்கியமான பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) மூன்று பேரை சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டு ஆறு இளம் வீரர்களை வாங்கினார்கள். ஊரே இதை "வெள்ளைக்கொடி ட்ரேடு" என்று பெயர் வைத்துத் திட்டியது. இன்றைக்கும் பெரியவர் அதைச் சொல்லும்போது குரல் ஏறும். ஆனால் அந்த ஆறு பேரில் கீத் ஃபோக், பாப் ஹவ்ரி இருவரும் 2000-இல் சாக்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தபோது முக்கியமான பிட்சர்கள். கணக்குப் பார்த்தால் மோசமான ட்ரேடு என்று சொல்லிவிட முடியாது. இதை எடுத்துச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அந்த ஆகஸ்டையும் செப்டம்பரையும் யார் திருப்பித் தருவார்கள் என்பார். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் இப்போது படுகிறது. ரசிகன் டிக்கெட் வாங்குவது இந்த வருஷத்துக்கு. அணி விற்பதோ நான்கு வருஷம் கழித்து வரப்போகும் ஒரு வருஷத்தை.

எனக்குக் கிறிஸ் சேல். ஒல்லியான, கோபக்கார, இடதுகைப் பிட்சர். 2016 ஜூலையில் ஒருநாள் அணிக்குப் பழைய பாணிச் சட்டை கொடுத்தார்கள். அது உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று சேல் கத்தரியை எடுத்து எல்லோருடைய சட்டைகளையும் வெட்டிப்போட்டுவிட்டார். ஐந்து நாள் இடைநீக்கம். அந்த டிசம்பரில் பாஸ்டனுக்கு அனுப்பி, அப்போது நாட்டிலேயே முதல் இடத்தில் மதிப்பிடப்பட்ட இளம் வீரர் யோவான் மொன்காடாவையும், மணிக்கு நூறு மைலுக்கு எறியும் மைக்கேல் கோபெக்கையும் வாங்கினார்கள். அடுத்த வருஷம் ஹோசே கின்டானாவைக் கப்ஸுக்குக் கொடுத்து எலாய் ஹிமெனஸ், டிலன் சீஸ் என்று இன்னும் இரண்டு பேர். காகிதத்தில் தங்கச் சுரங்கம். 2018, 2019 முழுக்க நாங்கள் தோல்வியை ரசித்தே பார்த்தோம், பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று.

வளர்ந்தார்கள்தான். 2020-இல் பிளேஆஃப், 2021-இல் 93 வெற்றியோடு பிரிவில் முதலிடம். பிளேஆஃபில் ஒரு சுற்றுகூடத் தாண்டவில்லை. 2022-இல் 81-க்கு 81. 2023-இல் 101 தோல்வி. அதற்கடுத்தது மேலே சொன்ன கதை. சேல்? 2018-இல் பாஸ்டனுக்கு உலகத் தொடரின் (மேஜர் லீகின் இறுதிப் போட்டி) கடைசி அவுட்டை எடுத்தார். சாக்ஸ் 121 தோற்ற அதே 2024-இல் அட்லாண்டாவுக்காக ஆடி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். கோபெக்கை அந்த ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பினோம், அக்டோபரில் அவர் கையில் சாம்பியன் மோதிரம். சீஸை மார்ச்சில் சான் டியேகோவுக்கு அனுப்பினோம், ஜூலையில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் எறிந்தார். எங்கள் அணியை விட்டு வெளியே போவதே ஒரு பயிற்சி முறை போலிருக்கிறது.

சான் டியேகோ என்றதும் இன்னொன்று. 2016-இல் 34 வயது பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காகச் சாக்ஸ் அங்கே கொடுத்த இரண்டு பேரில் ஒருவன் 17 வயதுப் பையன், சாக்ஸுக்காகக் கீழ்மட்டமான மைனர் லீகில்கூட ஒரு ஆட்டம் ஆடாதவன். பெயர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். 2021-இல் சான் டியேகோ அவருக்கு 14 வருஷத்துக்கு 34 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. இதைச் சொல்லாமல் எந்தச் சாக்ஸ் ரசிகரும் ஒரு ட்ரேடு விவாதத்தை முடிப்பதில்லை. நான் மட்டும் எப்படி முடிப்பது?

சரி, விதிகளுக்கு வருவோம்.

2023-இல் வந்த மாற்றங்கள்தான் என் நினைவில் மிகப் பெரியவை. பிட்சர் எறிவதற்குக் கடிகாரம்: பேஸில் (ரன் எடுக்க ஓடும் வழியிலுள்ள நிலைகள்) ஆள் இல்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 20. அடுத்த வருஷம் அந்த 20-ஐ 18 ஆக்கினார்கள். தாமதித்தால் பேட்டருக்கு ஒரு பால் இனாம் (நான்கு சேர்ந்தால் ஒரு பேஸ் இலவசம்), பேட்டர் தயாராகாவிட்டால் அவர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக் (மூன்றானால் அவுட்). அந்த வருஷப் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிய முதல் வாரக் கடைசியிலேயே பாஸ்டன்–அட்லாண்டா ஆட்டம் 6–6. கடைசி இன்னிங்ஸ், பேஸ் எல்லாம் நிறைந்து, எண்ணிக்கை மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். பேட்டர் நேரத்துக்குத் தயாராகவில்லை என்று அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்துவிட, ஆட்டம் அப்படியே டிராவில் முடிந்தது. பேஸ்பால் செத்துவிட்டது என்று அன்றைக்கு எழுதாதவர்கள் குறைவு.

சாகவில்லை. 2021-இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஓடியது. 2023-இல் 2 மணி 40 நிமிடம். பேஸ் அட்டையை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கி, பிட்சர் பேஸில் நிற்பவரைச் சும்மா சும்மா மிரட்டுவதற்கும் வரம்பு வைத்ததில், முந்தைய வருஷம் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) 3,503 ஆனது. குறைந்த நேரத்தில் அதிக ஓட்டம். மூக்கைச் சிந்துவது, கையுறையை அவிழ்த்துக் கட்டுவது, வானத்தைப் பார்ப்பது எல்லாம் போய்விட்டது. பெரியவருக்கு அதில் வருத்தம். கடிகாரம் இல்லாத ஒரே ஆட்டம் இதுதான் என்று ஐம்பது வருஷமாகப் பெருமை அடித்தவர். எனக்கு வருத்தமே இல்லை. 121 தோல்வியையும் பழைய வேகத்தில் பார்க்க வைத்திருந்தால் எத்தனை குடும்பம் பிரிந்திருக்குமோ.

2026 சீசனிலிருந்து பால்–ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் வசதியும் வந்திருக்கிறது. ஏபிஎஸ் என்கிறார்கள். நம் டிஆர்எஸ் பார்த்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். அணிக்கு இரண்டு முறையீடு, சரியாக இருந்தால் அது குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர்தான் கேட்கலாம், அதுவும் உடனே தலையைத் தட்டிக் காட்டி. பெவிலியனைத் திரும்பிப் பார்த்துச் சைகை வாங்கும் திருட்டுத்தனத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு எறிதலையும் இயந்திரமே தீர்ப்பளிக்கட்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். விளிம்பில் விழும் பந்தைக் கையுறையில் நைசாக உள்ளே இழுத்து ஸ்ட்ரைக்காக்கும் கேட்சரின் வேலை அழகான ஏமாற்று. அது கொஞ்சம் பிழைத்திருக்கட்டும். பெரிய அநியாயத்துக்கு மட்டும் ஒரு வழி இருந்தால் போதும்.

ஆனால் எல்லா மாற்றத்துக்கும் நான் தலையாட்டுகிறவன் இல்லை. ஒன்பது இன்னிங்ஸில் சமனானால் பத்தாவதிலிருந்து இரண்டாவது பேஸில் ஒரு ஆளை இலவசமாக நிறுத்தும் விதி 2020-இல் கோவிட் காலத்துக்காக வந்தது, அப்புறம் போகவே இல்லை. சம்பாதிக்காத ஆள் அங்கே நிற்பது எனக்கு இன்னும் கண்ணை உறுத்துகிறது. பிளேஆஃபில் மட்டும் அந்த விதி கிடையாது. அதனால்தான் 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், ஆறரை மணி நேரத்துக்கு மேல் போய், ஃப்ரெடி ஃப்ரீமேன் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து முடிந்தது. அந்த ராத்திரி பாதி ஆபீஸ் தூங்கவில்லை. யாரும் குறை சொல்லவுமில்லை.

இதைவிட மோசமான யோசனை ஒன்றும் உலவியது. 2024 கடைசியில் லீகின் ஆணையர் ராப் மான்ஃபிரெட் வாயிலிருந்து வந்தது. ஆட்டத்தில் ஒருமுறை மட்டும், முறை யாருடையதாக இருந்தாலும், அணி தனக்குப் பிடித்த பேட்டரை அனுப்பலாம். "தங்க பேட்டிங்" என்று பெயர். தம்பிக்கு இது பிடித்துப்போனது. ஐபிஎல்லின் இம்பாக்ட் பிளேயர் பார்த்து வளர்ந்த பிள்ளை, "நட்சத்திரத்தைப் பார்க்கத்தானே அண்ணே காசு கொடுக்கறோம்?" என்றான். அவனுக்கு நான் சொல்லும் பதில் 2025 நவம்பர் 1, அதே உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்னால், ஒருவர் அவுட். பேட்டிங் முறை ஒன்பதாவது ஆளான மிகேல் ரோஹாஸுக்கு. 36 வயது, அடிப்பதைவிடப் பந்து பிடிப்பதற்காக அணியில் இருப்பவர். அடுத்த ஆளாகக் காத்திருந்தவர் அணியின் பெரிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி. அந்த விதி இருந்திருந்தால் எந்த மேனேஜரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டானியை அனுப்பியிருப்பார். ரோஹாஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். டாட்ஜர்ஸ் 11-வது இன்னிங்ஸில் கோப்பையை எடுத்தது. இந்த ஒன்பதாவது ஆளை ஒழித்துக்கட்டத்தான் விதி கொண்டுவரப் போகிறீர்களா?

இப்போது பெரிய சண்டை சம்பள உச்சவரம்பு. வீரர்கள் சங்கத்துக்கும் முதலாளிகளுக்குமான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது. அமெரிக்காவின் மற்ற பெரிய விளையாட்டுகளில் உச்சவரம்பு உண்டு, பேஸ்பாலில் இல்லை. ஓர் அளவைத் தாண்டினால் அபராத வரி மட்டும்தான். ஓட்டானிக்குப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் எழுதிக்கொடுத்து, அதில் 68 கோடியைப் பிற்காலத்துக்குத் தள்ளிப்போட்ட டாட்ஜர்ஸ், 2024, 2025 இரண்டிலும் சாம்பியன். உடனே நாடு முழுக்க ஒரே புலம்பல்: பணக்கார அணியைக் கட்டிப்போட்டால்தான் ஏழை அணி பிழைக்கும்.

இந்தப் புலம்பலில் எங்கள் மேசை சேரவில்லை. சிகாகோ அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம். சாக்ஸ் ஏழை அணி இல்லை. அதன் 125 வருஷ வரலாற்றில் ஒரு வீரருக்குக் கொடுத்த ஆகப் பெரிய ஒப்பந்தமாக 121 தோல்வி வருஷத்தில் இருந்தது ஆண்ட்ரூ பெனின்டெண்டியின் ஐந்து வருஷம், 7.5 கோடி. பத்துக் கோடியைத் தொட்டதே கிடையாது. டாட்ஜர்ஸ் செலவைப் பாதியாக்கினாலும் இந்த அணி எப்படி மேலே வரும்? உச்சவரம்பு வந்தால் முதலாளிக்குப் பணம் மிச்சமாகும், அவ்வளவுதான். வைப்பதென்றால் இவ்வளவுக்குக் கீழே செலவழிக்கக்கூடாது என்று தரையையும் வைக்கட்டும்.

முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 1981-இல் அணியை வாங்கியவர். உச்சவரம்புக்காக வரிந்துகட்டியவர்களில் முன்வரிசைக்காரர். அந்தச் சண்டையில்தான் 1994 ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி, உலகத் தொடரே ரத்தானது. அன்றைக்குச் சாக்ஸ் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது என்பதைப் பெரியவர் ஒவ்வொரு ஆகஸ்டிலும் நினைவூட்டுவார். இரண்டு வருஷம் கழித்து அதே ரைன்ஸ்டார்ஃப் ஆல்பர்ட் பெல்லுக்கு ஐந்து வருஷத்துக்கு 5.5 கோடி கொடுத்துச் சம்பளச் சந்தையைத் தானே உடைத்தார். 2005-இல் 88 வருஷத்துக்குப் பிறகு கோப்பை தந்ததும் அவர் அணிதான், இதையும் சொல்லியாக வேண்டும். "அணியை விற்றுவிடு" என்ற கோஷம் 2024-இல் மைதானத்தில் பழகிப்போன சத்தம். 2025 ஜூனில் முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவுடன் ஒப்பந்தம் அறிவித்தார்கள். 2029-லிருந்து 2033 வரை ரைன்ஸ்டார்ஃப் விரும்பினால் கைமாற்றலாம். அதற்குப் பிறகு இஷ்பியா விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். அவசரமே இல்லை பாருங்கள்.

விதிகள் தோற்கிற அணியைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. முன்பெல்லாம் கடைசியாக வந்த அணிக்கு டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் இளைஞனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று சொல்லி, 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடத்துக்குக் குலுக்கல். அதோடு, பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த வருஷம் குலுக்கல் இடம் பெற முடியாது. 2024-இல் சாக்ஸ் ஐந்தாவது இடத்தில் எடுத்துவிட்டது. விளைவு: நவீன காலத்தின் ஆக மோசமான அணி 2025-இல் பத்தாவதாகத் தேர்வு செய்தது. தோற்றால் பரிசு கிடையாது என்பது சரியான கொள்கைதான். ஆனால் தண்டனை யாருக்கு? அந்த வருஷமும் 102 தோல்வி. முதலாளிக்கு எதுவும் ஆகவில்லை. மதுரைத் தம்பி கேட்டது: "ஒரு கம்பெனி மூணு வருஷம் தொடர்ந்து இப்படி நடந்தா ஆளை மாத்துவாங்களா, மாத்தமாட்டாங்களா?"

கப்ஸ் அம்மணி இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கிறவர். அவர் தீர்வு சுலபம்: கடைசி இடத்துக்கு வந்தால் மைனர் லீகுக்குக் கீழே தள்ளு. பயத்திலேயே முதலாளி செலவழிப்பார். எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது, நடக்காது என்று தெரிந்தும். இங்கே மைனர் லீக் அணிகளெல்லாம் மேலே உள்ள அணிகளின் கிளைகள். சாக்ஸ் கீழே போனால் தன்னுடைய சொந்தக் கிளையான சார்லட் நைட்ஸோடு மோத வேண்டியிருக்கும். இதை நான் சொன்னதும் பெரியவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். சார்லட்டில் 2024-இல் யார் யார் பந்து எறிந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஏழு ஆட்டத் தொடர் என்றால் நாம் எத்தனை ஜெயித்திருப்போம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். மூன்றுக்கு மேல் போகவில்லை. அதற்குள் இரண்டு மணி மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது.